பெட்டியின் மேல் எழுதாத பெயர்

மோனோபோலி விளையாட்டின் பெட்டிக்குள் பகடை, பொம்மைக் காசு, குட்டி குட்டி வீடுகள் இவற்றோடு பல பத்தாண்டுகள் ஒரு கதையும் சேர்த்தே விற்கப்பட்டது. 1930களின் பெருமந்தக் காலம். பிலடெல்பியாவில் சார்ல்ஸ் டாரோ என்பவருக்கு வேலை போய்விட்டது. கையில் காசில்லை. நல்ல நாட்களில் குடும்பத்தோடு போய்வந்த அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை ஊரின் தெருக்களை நினைத்தபடி வீட்டு மேசை மேல் ஓர் ஆட்டத்தை வரைகிறார். அக்கம்பக்கத்தார் விரும்பி ஆடுகிறார்கள். பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதை வாங்குகிறது. டாரோ பெரும் பணக்காரர் ஆகிறார்.

எல்லாருக்கும் பிடித்த கதை இது. ஆனால் அந்த ஆட்டத்தை டாரோ கண்டுபிடிக்கவில்லை. அவர் அதை முதன்முதலாக ஆடியதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் அதை வடிவமைத்து, காப்புரிமையும் வாங்கி வைத்திருந்தார். அவர் பெயர் எலிசபெத் மேகி. லிஸ்ஸி என்று அழைப்பார்கள்.

நம் வீடுகளில் 'டிரேட்' என்றும் 'பிசினஸ்' என்றும் மே மாத விடுமுறையில் ஆடிய அட்டைகள் இதே ஆட்டத்தின் நகல்கள்தான். தெருப் பெயர்கள் இருந்த கட்டங்களில் பம்பாய், மதராஸ், கல்கத்தா என்று ஊர்கள் இருக்கும். மற்றபடி சுற்றி வருவதும், வாங்குவதும், வாடகை கேட்பதும், சிறைக்குப் போவதும் அதே. அந்த அட்டைகளில் டாரோவின் பெயர்கூட இருந்ததில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டு செய்து கொடுப்பதை வேலையாக எடுத்துக்கொண்ட பிறகுதான், இதை யார் செய்திருப்பார்கள் என்ற கேள்வியே எனக்குள் எழுந்தது. ஒரு விளையாட்டைப் பெட்டியில் போட்டு விற்பதற்கு முன் மூன்று வேலைகள் உண்டு. வடிவமைக்க வேண்டும். பலரை ஆடவைத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். பிறகு ஒரு நிறுவனத்திடம் கொண்டுபோய் ஏற்கவைக்க வேண்டும். மோனோபோலியின் வரலாற்றில் இந்த மூன்றையும் யார் யார் செய்தார்கள், எந்த வேலைக்குக் கூலியும் பெயரும் கிடைத்தன என்று பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

வரைந்தவர்

லிஸ்ஸி மேகி 1866இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் மேகி பத்திரிகை நடத்தியவர், அடிமைமுறையை எதிர்த்தவர். ஹென்றி ஜார்ஜ் 1879இல் எழுதிய 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலை மகளுக்குப் படிக்கக் கொடுத்தவரும் அவரே. அந்த நூலின் மையக் கருத்தை நம் ஊர் உதாரணத்தில் சொல்லலாம். ஊருக்கு வெளியே ஒருவர் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறார். அதில் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. பக்கத்தில் பேருந்து நிலையம் வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, கடைகள் வருகின்றன. மனையின் விலை பத்து மடங்காகிறது. அந்த மதிப்பை உண்டாக்கியது ஊர். அதை எடுத்துக்கொள்வது மட்டும் மனைக்காரர். நிலத்தின் மதிப்பு ஊரால் வருவது, ஆகவே வரியாக அதை ஊருக்கே திருப்பித் தர வேண்டும், உழைப்புக்கு வரி போடக் கூடாது என்றார் ஜார்ஜ். ஒற்றை வரி இயக்கம் என்று இதற்குப் பெயர்.

லிஸ்ஸி வாஷிங்டனில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்தார். முகவரி சரியில்லாமல் திரும்பும் கடிதங்களைக் கையாளும் அஞ்சல் அலுவலகத்திலும் பணி செய்தார். கதையும் கவிதையும் எழுதினார், மேடையில் நடித்தார். தட்டச்சுப் பொறியின் உருளைக்குள் காகிதம் எளிதாக நுழைய ஒரு கருவி செய்து 1893இல் காப்புரிமை பெற்றார். மாலை நேரங்களில் ஒற்றை வரிக் கொள்கையைப் பாடமாக நடத்தினார். பேசிப் புரியவைக்க முடியாததை ஆடிப் புரியவைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1902இல் ஓர் ஒற்றை வரி இதழில் தன் ஆட்டத்தை அவரே விளக்கி எழுதினார். 1903 மார்ச்சில் விண்ணப்பித்து 1904 ஜனவரி 5இல் காப்புரிமை பெற்றார். எண் 748,626. ஆட்டத்தின் பெயர் 'நில உடைமையாளர் ஆட்டம்'.

அந்தக் காப்புரிமைப் படத்தைப் பார்த்தால் நமக்கு எதுவும் புதிதாகத் தெரியாது. சதுர அட்டை. ஓரம் முழுக்கக் கட்டங்கள். விலைக்கும் வாடகைக்கும் உள்ள மனைகள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் இரயில்பாதை. ஒரு மூலையில் சிறை. எதிர் மூலையில் பொதுப் பூங்காவும் ஏழைகள் இல்லமும். ரொட்டி, நிலக்கரி, உடை, உறைவிடம் என்ற கட்டாயச் செலவுகளுக்கான கட்டங்கள். அன்று பெரும்பாலான பலகை ஆட்டங்களுக்குத் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று இருந்தன. யார் முதலில் போய்ச் சேர்கிறாரோ அவருக்கு வெற்றி. லிஸ்ஸியின் பாதைக்கு முடிவே இல்லை. சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பூமித்தாயின் மூலையைக் கடக்கும்போது உழைப்புக்குக் கூலியாக 100 டாலர் கிடைக்கும். இன்று மோனோபோலியில் தொடக்கக் கட்டத்தைத் தாண்டினால் 200 டாலர் வாங்குகிறோமே, அதன் மூலம் இதுதான். இன்று யாரும் அதைக் கூலி என்று நினைப்பதில்லை.

இந்த ஆட்டத்தை இரண்டு விதமாக ஆடலாம் என்றார் லிஸ்ஸி. ஒரு விதியின்படி நிலங்களைக் குவித்து மற்றவர்களை ஓட்டாண்டி ஆக்குகிறவர் வெல்வார். இன்னொரு விதியின்படி நிலத்தின் வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போகும், அதன் பலன் எல்லாருக்கும் வரும். அதே அட்டை, அதே பகடை, அதே ஆட்கள். விதி மாறினால் ஏழை யார் என்பதும் மாறிவிடும். வறுமை விதிப்படி வருவதில்லை, விதிகளால் வருகிறது என்பதை ஒரு பத்து வயதுப் பிள்ளை அரை மணி நேரத்தில் கண்டுகொள்ளும்படி செய்வதே அவர் நோக்கம். விளையாட்டு செய்கிறவளாகச் சொல்கிறேன், இதைவிடக் கடினமான வடிவமைப்பு வேலை இல்லை. கருத்தை அட்டையில் வாசகமாக எழுதிவிடுவது எளிது. விதிக்குள் வைப்பது கடினம். உலகம் முழுதும் பரவியது முதல் விதி மட்டுமே என்பதைப் பிறகு பார்ப்போம்.

1906இல் நியூயார்க்கில் எகனாமிக் கேம் கம்பெனி என்ற பெயரில் அந்த ஆட்டம் வெளிவந்தது. அதே ஆண்டு சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த லிஸ்ஸி ஒரு விளம்பரம் கொடுத்தார். இளம் அமெரிக்கப் பெண் அடிமை விற்பனைக்கு, அதிக விலை கேட்பவருக்குக் கிடைக்கும் என்பது அதன் சாரம். அப்போது அவருக்கு வயது 40, மணமாகாதவர். வாரத்துக்கு 10 டாலர் கூலியில் ஒரு பெண் தனியாக எப்படி வாழ்வது என்று ஊரைக் கேட்க அவர் கையாண்ட வழி அது. செய்தி நாடெங்கும் பரவியது. பெண்கள் இயந்திரங்கள் இல்லை, அவர்களுக்கும் மனமும் ஆசையும் இலட்சியமும் உண்டு என்று செய்தியாளர்களிடம் சொன்னார். கறுப்பின மக்கள் அனுபவித்த கொடுமையின் பெயரை ஒரு வெள்ளைப் பெண் தன் நிலைக்கு உவமையாக எடுத்துக்கொண்டதை இன்று நாம் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் கூலி பற்றி அவர் கேட்டது உண்மையான கேள்வி. ஆட்டத்தில் வாடகையும் கட்டாயச் செலவும் எவ்வளவு துல்லியமாக நெரிக்கின்றன என்று பார்த்தால், அவற்றை எழுதியவர் மாதக் கடைசியை அறிந்தவர் என்று தெரிந்துவிடும்.

ஆடிப் பார்த்தவர்கள்

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் இந்த ஆட்டம் கடைகளைவிடக் கைகள் வழியாகவே அதிகம் பரவியது. டெலவேர் மாநிலத்தில் ஆர்டன் என்ற சிற்றூர் ஒற்றை வரிக் கொள்கைப்படியே அமைக்கப்பட்டது. அங்கே ஆடினார்கள். அங்கு வசித்த பொருளியல் ஆசிரியர் ஸ்காட் நியரிங், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். குழந்தை உழைப்பை எதிர்த்துப் பேசிய அவரை 1915இல் அந்தப் பல்கலைக்கழகம் வேலையிலிருந்து நீக்கியது. ஆட்டம் மட்டும் கல்லூரி விடுதிகளில் தங்கிவிட்டது. ஆடியவர்கள் மரப்பலகையிலும் துணியிலும் தாங்களே வரைந்துகொண்டார்கள். தங்கள் ஊர்த் தெருக்களின் பெயர்களை எழுதிக்கொண்டார்கள். பெயரும் சுருங்கி 'மோனோபோலி' என்று பேச்சுவழக்கில் நின்றது.

1929இல் ரூத் ஹாஸ்கின்ஸ் என்ற குவேக்கர் ஆசிரியை அட்லாண்டிக் சிட்டியில் இருந்த குவேக்கர் பள்ளிக்கு வேலைக்கு வந்தார். இண்டியானாபொலிஸில் கற்ற ஆட்டத்தைக் கையோடு கொண்டுவந்தார். அவரும் நண்பர்களும் சேர்ந்து அட்லாண்டிக் சிட்டியின் தெருக்களை அட்டையில் எழுதினார்கள். போர்ட்வாக், பார்க் பிளேஸ், வென்ட்னர், பால்டிக். இன்று உலகம் முழுதும் அமெரிக்கப் பதிப்பில் இருக்கும் அதே பெயர்கள். ஏலம் விட்டு மனை வாங்கும் பழைய முறையை விட்டு, ஒவ்வொரு மனைக்கும் ஒரு விலையைக் குறித்தார்கள். ஏலக் கூச்சல் இல்லாமல் பிள்ளைகளும் ஆட முடிந்தது.

இந்தப் பெயர்களை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைத்தான் வரைபடமாக்கினார்கள். வசதியான நண்பர்கள் குடியிருந்த தெருக்கள் விலை உயர்ந்த கட்டங்கள் ஆயின. அந்த வீடுகளில் ஒன்றில் வீட்டுவேலை செய்த பெண் குடியிருந்தது பால்டிக் அவென்யூவில். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி. இன்றைக்கும் ஆட்டத்தில் பால்டிக் அவென்யூவின் விலை 60 டாலர், போர்ட்வாக்கின் விலை 400. நிலம் ஏன் சிலருக்கு மலிவாகவும் சிலருக்கு எட்டாததாகவும் இருக்கிறது என்று கேட்கப் பிறந்த ஆட்டம், ஓர் ஊரின் இனப் பாகுபாட்டை விலைப்பட்டியலாகவே பதிந்துகொண்டது. விளையாட்டின் வரலாற்றில் பெண்களைத் தேடும்போது லிஸ்ஸி மேகியோடு நின்றுவிட முடியாது. பால்டிக் அவென்யூவிலிருந்து ஒவ்வொரு காலையும் நடந்துவந்து, இவர்கள் ஆடுவதற்கு நேரம் உண்டாக்கிக் கொடுத்தவரையும் சேர்க்க வேண்டும்.

ஆடிப் பார்ப்பது என்பது வெறும் பொழுதுபோக்கு என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நான் செய்யும் ஒவ்வோர் ஆட்டமும் முதல் தடவை மேசைக்கு வரும்போது உடைந்துவிடும். யாராவது ஒருவர் மூன்றாவது சுற்றிலேயே தோற்று, மீதி நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பார். விதி எட்டு தடவை படித்தாலும் புரியாது. நான் வாயைத் திறக்காமல் குறிப்பேட்டோடு பக்கத்தில் உட்கார வேண்டும். ரேஷன் கடை வரிசையைப் பற்றி ஓர் ஆட்டம் செய்தபோது, அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி, "அக்கா, வரிசையில நம்ம இடத்தைப் பக்கத்து வீட்டு அம்மாகிட்ட சொல்லிட்டுப் போகலாமே, அதுக்கு ஏன் விதி இல்ல?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் ஆட்டம் உயிர் பெற்றது. அதற்கு முன் அது யார் முந்துவது என்ற போட்டி. அதன் பிறகு யாரை நம்பலாம் என்ற ஆட்டம் ஆனது. அந்த விதியை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. அட்லாண்டிக் சிட்டியில் ரூத் ஹாஸ்கின்ஸும் நண்பர்களும் செய்த வேலையும் இதுவே. மூன்று ஆண்டுகள் மாலை மாலையாக உட்கார்ந்து ஆடி, உரசி, ஓர் ஆட்டத்தை வழவழப்பாக்கினார்கள்.

விற்றவர்

அட்லாண்டிக் சிட்டி நண்பர்கள் வழியாக ஆட்டம் பிலடெல்பியாவில் சார்ல்ஸ் டாட் என்பவர் வீட்டுக்கு வந்தது. டாட் ஒருநாள் பால்ய காலத் தோழி எஸ்தரைத் தற்செயலாகச் சந்தித்தார். எஸ்தரும் கணவரும் விருந்துக்கு வந்தார்கள், ஆடினார்கள். கணவர் பெயர் சார்ல்ஸ் டாரோ. விதிகளை எழுதித் தரும்படி டாரோ கேட்டார், டாட் எழுதிக் கொடுத்தார். டாட் தன் அட்டையில் 'மார்வென் கார்டன்ஸ்' என்ற இடத்தின் பெயரை 'மார்வின்' என்று தவறாக எழுதியிருந்தார். டாரோ விற்ற அட்டையிலும் அதே 'மார்வின்'. பின்னர் பார்க்கர் பிரதர்ஸ் அச்சடித்த பதிப்பிலும் அதே பிழை. பார்த்து எழுதியதற்கு எழுத்துப் பிழையைவிட நல்ல சாட்சி வேறில்லை.

டாரோ எதுவுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. அட்டையை அழகாக்கினார். அச்சடித்தார். பெருங்கடைகளுக்குக் கொண்டுபோனார். 1934இல் மில்டன் பிராட்லியும் பார்க்கர் பிரதர்ஸும் மறுத்தபோதும் விடவில்லை. பிலடெல்பியாவின் வானமேக்கர் கடையில் அது நன்றாக விற்றதும் பார்க்கர் பிரதர்ஸ் மனம் மாறியது. 1935இல் வாங்கிக்கொண்டது. மூன்று வேலைகளில் கடைசி வேலை டாரோ செய்தது. அதை நன்றாகவே செய்தார். கண்டுபிடித்தவர் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது அந்த மூன்றாவது வேலைக்காக.

லிஸ்ஸி நிறுவனங்களின் கதவைத் தட்டவே இல்லையா? தட்டினார். அவருடைய 'மாக் டிரையல்' என்ற நீதிமன்றச் சீட்டாட்டத்தை 1910இல் பார்க்கர் பிரதர்ஸே வெளியிட்டது. நில உடைமையாளர் ஆட்டத்தை அது ஏற்கவில்லை. நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் பார்க்கரும் லிஸ்ஸியும் பிறந்தது ஒரே ஆண்டில், 1866இல். பார்க்கர் 16 வயதில் 'பேங்கிங்' என்ற ஆட்டம் செய்து, தானே 500 பிரதி அச்சடித்தார். பள்ளிக்கூடத்தில் விடுப்பு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். பணம் கடன் வாங்கிப் பணம் சேர்க்கும் ஆட்டம் அது. பையன் கெட்டிக்காரன் என்று வீடு தட்டிக்கொடுத்தது. பணத்தைப் பற்றி ஒருவர் செய்த ஆட்டம் விளையாட்டாகத் தெரிந்தது. பணம் எப்படி ஒரு பக்கம் மட்டும் குவிகிறது என்று காட்டிய ஆட்டம் அரசியலாகத் தெரிந்தது. பெண்கள் எதை எழுதினாலும், எதை வரைந்தாலும் இன்றும் இந்தத் தராசைத்தான் சந்திக்கிறோம்.

டாரோவிடமிருந்து வாங்கிய சில மாதங்களிலேயே உண்மை பார்க்கர் பிரதர்ஸுக்குத் தெரிந்துவிட்டது. லிஸ்ஸியின் முதல் காப்புரிமை காலாவதி ஆகியிருந்தாலும், 1924இல் அவர் பெற்ற இரண்டாவது காப்புரிமை உயிரோடு இருந்தது. அதை வாங்காமல் மோனோபோலியைத் தனியுரிமையாக வைத்துக்கொள்ள முடியாது. 1935 நவம்பரில் ஏறக்குறைய எழுபது வயதான ஜார்ஜ் பார்க்கர், வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் இருந்த லிஸ்ஸியின் வீட்டுக்கு நேரில் வந்தார். விலை 500 டாலர். விற்பனையில் பங்கு கிடையாது. அவருடைய வேறு சில ஆட்டங்களையும் வெளியிடுவதாகப் பேச்சு. இதே ஆட்டத்தின் இன்னொரு நகலான 'ஃபைனான்ஸ்' என்பதை வைத்திருந்த நிறுவனத்துக்குப் பார்க்கர் பிரதர்ஸ் கொடுத்தது 10,000 டாலர்.

லிஸ்ஸி மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டார் என்பதுதான் மனதை அறுக்கிறது. பெரிய நிறுவனம் தன் கொள்கையை வீடு வீடாகக் கொண்டுசேர்க்கும் என்று நம்பினார். தான் பெற்ற பிள்ளையை, தன்னைவிட நன்றாக வளர்க்கக்கூடியவர்களிடம் ஒப்படைப்பதாக எழுதி ஆட்டத்துக்கு விடைகொடுத்தார். ஆண்டு முடியும் நாளில், 1935 டிசம்பர் 31இல், மோனோபோலிக்கான காப்புரிமை டாரோவின் பெயரில் வழங்கப்பட்டது.

1936 ஜனவரியில் வாஷிங்டன் பத்திரிகைகளில் லிஸ்ஸியின் படம் வந்தது. கையில் தன் பழைய அட்டைகளைப் பிடித்தபடி நிற்கிறார். வக்கீலுக்கும் அச்சகத்துக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கும் கட்டியதைக் கணக்குப் பார்த்தால், இந்த ஆட்டத்தால் வந்ததைவிடப் போனதே அதிகம் என்பது அந்தச் செய்தி. 1939இல் பார்க்கர் பிரதர்ஸ் அவருடைய நில உடைமையாளர் ஆட்டத்தைப் பேருக்கு வெளியிட்டது. அது கவனம் பெறவில்லை. 1940ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவருடைய தொழில் 'விளையாட்டுகள் செய்பவர்' என்று பதிவாகியிருக்கிறது. வருமானம் என்ற இடத்தில் பூஜ்யம். 1948இல் இறந்தார். கல்லறையில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. டாரோ 1967இல் இறந்த பிறகு, அட்லாண்டிக் சிட்டி அவருக்கு நினைவுப் பலகை வைத்தது.

சாட்சியாக வந்த பெயர்

லிஸ்ஸியின் பெயர் திரும்பிவந்த விதமும் கவனிக்க வேண்டியது. 1973இல் சான் பிரான்சிஸ்கோவில் பொருளியல் பேராசிரியர் ரால்ஃப் அன்ஸ்பாக், 'ஆன்டி-மோனோபோலி' என்ற ஆட்டத்தை விற்கத் தொடங்கினார். பார்க்கர் பிரதர்ஸ் தரப்பு எதிர்த்தது. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் வழக்கு நடந்தது. டாரோவுக்கு முன்பே ஆட்டம் பொதுவில் இருந்தது என்று காட்ட, அன்ஸ்பாக் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து வாக்குமூலம் வாங்கினார். அந்தத் தேடலில்தான் 1904ஆம் ஆண்டின் காப்புரிமை வெளிச்சத்துக்கு வந்தது. 1983இல் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட மறுத்ததும் அன்ஸ்பாக் வென்றார்.

அன்ஸ்பாக்குக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். ஆனாலும் இரண்டு தரப்பு வணிக உரிமைக்கான சண்டையில், ஒரு தரப்பின் சாட்சியமாகத்தான் லிஸ்ஸி மேகி வரலாற்றுக்குள் நுழைய முடிந்தது. அந்த வழக்கு வராமல் போயிருந்தால் காப்புரிமைக் காகிதம் இன்னும் கோப்பிலேயே இருந்திருக்கும். பல நாடுகளில், பல துறைகளில் அப்படிக் கோப்பிலேயே கிடக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது.

இங்கே நாம் ஒரு சிக்கலையும் நேராகப் பார்க்க வேண்டும். பெண்களின் அறிவு பொதுச் சொத்து என்று நாம் பெருமையோடு சொல்வதுண்டு. நம் பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். குழிக்கு எத்தனை முத்து, நான்கு சேர்ந்தால் 'பசு' யாருக்கு என்பதெல்லாம் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். பாட்டி ஒருவர் மாற்றியிருப்பார், பேத்தி அதையே விதியாக ஆடுவாள். யாரும் பெயர் கேட்பதில்லை. அது அழகுதான். மோனோபோலியும் முப்பது ஆண்டுகள் அப்படித்தான் வாழ்ந்தது. பெயரில்லாத பொதுச் சொத்தாக இருந்ததால்தான் ஒருவர் வந்து தன் பெயரை ஒட்டிக்கொள்ள முடிந்தது. வேலி இல்லாத நிலத்துக்கு முதலில் பட்டா வாங்குகிறவர் சொந்தக்காரர் ஆவது போல. லிஸ்ஸி தன் ஆட்டத்தில் காட்டியது இதையே. ஊர் கூடி உண்டாக்கிய மதிப்பு ஒரே கைக்குப் போகும் விதத்தை அவர் அட்டையில் வரைந்தார். பிறகு அந்த அட்டைக்கே அது நடந்தது.

அதனால் எல்லாவற்றுக்கும் வேலி போடுவோம் என்பது விடை ஆகாது. லிஸ்ஸி இரண்டு தடவை வேலி போட்டார். அது 500 டாலருக்குக் கைமாறியது. பெயர் வேறு, உடைமை வேறு என்று பிரித்துக் கேட்கக் கற்றுக்கொள்வதே நமக்கு உதவும் என்று நினைக்கிறேன். ஆட்டத்தை எல்லாரும் ஆடலாம், மாற்றலாம், வரைந்துகொள்ளலாம். செய்தவர் பெயர் மட்டும் அழியக் கூடாது.

இது வெறும் ஆசை இல்லை, நடந்திருக்கிறது. 1988இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் பொம்மைச் சந்தையில் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் பதின்மூன்று பேர் கூடினார்கள். பெட்டியின் மேல் தங்கள் பெயரைப் போடாத நிறுவனத்துக்கு இனி ஆட்டம் தருவதில்லை என்று, பீர்க் கோப்பை வைக்கும் வட்ட அட்டையின் மேல் எழுதிக் கையெழுத்திட்டார்கள். 1991இல் அவர்களுக்கு ஒரு சங்கமும் உருவானது. நூலுக்கு ஆசிரியர் இருப்பது போல விளையாட்டுக்கும் ஆசிரியர் உண்டு என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. ஆடிப் பார்த்தவர்களின் பெயர்களை விதிப்புத்தகத்தின் கடைசியில் அச்சிடும் வழக்கமும் இன்று பல நாடுகளில் இருக்கிறது.

2019இல் இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்று 'விங்ஸ்பேன்'. பறவைகளைப் பற்றிய அந்த ஆட்டத்தைச் செய்தவர் எலிசபெத் ஹார்க்ரேவ். அவர் பெயர் பெட்டியின் மேல் இருக்கிறது. அந்த ஆண்டே ஜெர்மனியின் பெரிய விருதுகளில் ஒன்றை அது வென்றது. இன்னொன்று, மோனோபோலியின் இன்றைய உடைமையாளரான ஹாஸ்ப்ரோ வெளியிட்ட 'மிஸ் மோனோபோலி'. பெண் கண்டுபிடிப்பாளர்களைக் கொண்டாடுவதாகச் சொல்லி விற்ற ஆட்டம் அது. அதில் லிஸ்ஸி மேகியின் பெயர் இல்லை.

ரேஷன் வரிசை ஆட்டத்தை நானும் ஒரு நிறுவனத்துக்குக் கொண்டுபோனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு சுற்று ஆடிப் பார்த்தார், சிரித்தார். பிறகு, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார் மேடம்?" என்று கேட்டார். ஒரே தடவை ஒரு தொகை தருவதாகவும், பெட்டியில் பெயர் போடுவது தங்கள் வழக்கமில்லை என்றும் சொன்னார். நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த ஆட்டம் இப்போதும் நகலெடுத்த தாள்களாகத்தான் பள்ளிகளுக்குப் போகிறது. விதித் தாளின் கீழே என் பெயர் இருக்கிறது, பக்கத்தில் ஆண்டும் தேதியும். அதற்குக் கீழே ஆடிப் பார்த்த பிள்ளைகளின் பெயர்கள். இடம் பிடித்துவைக்கும் விதிக்கு எதிரே அந்தப் பெண்ணின் பெயரைத் தனியாக எழுதியிருக்கிறோம்.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் விளையாட்டோ, பாடத்திட்டமோ, சமையல் குறிப்போ, கோலமோ, செயலியோ செய்துகொண்டிருப்பீர்கள். செய்ததை நான்கு பேருக்குக் கொடுங்கள், மாற்றச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன், யார் செய்தது, யார் திருத்தியது, எந்த நாள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.